இரண்டு கட்டங்கள்தான் இருந்தன

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு, கடைசியில் பழைய வழக்கப்படி எண் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன்.
2. இந்தத் தேர்வு வேலையை மறுபடியும் ஏன் ஒப்புக்கொண்டேன்.
3. எங்கள் பள்ளியின் இணைய வேகம் போதாது என்பது.
4. போன வருட விசாரணையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நீயும் சிரித்தாய் என்பது.
5. இந்த வருடப் படிவத்தைப் பற்றி ஒரு கேள்வி.

நான்காவதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் ஐந்து நான்காகிவிடும். தாளை முதலிலிருந்து எழுத வேண்டும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று. போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ "சரிண்ணா, சரிண்ணா, சொல்லுங்க" என்பாய். அந்தச் 'சொல்லுங்க'வில் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். காகிதம் குறுக்கே பேசாது.

இரண்டு. தங்கள் மாணவர்கள் எழுதும் தேர்வுக்கு அந்தப் பள்ளி ஆசிரியர்களே பொறுப்பாளராக இருக்கக் கூடாது என்பது உங்கள் தேர்வுத் துறையின் விதி. ஓய்வு பெற்றவர்களைத்தான் பிடிக்க வேண்டும். போன வருடக் கதைக்குப் பிறகு ஒருவரும் சிக்கவில்லை. தலைமையாசிரியை என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நானாம்மா? போன தடவை என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுமா?" என்றேன்.

"தெரிஞ்சுதான் சார் வந்தேன். நீங்க பயப்படுவீங்க. பயப்படுற ஆளுதான் எனக்கு வேணும்."

இது பாராட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன் அண்ணியைக் கேட்டேன். "பாராட்டுன்னா இப்படியா இருக்கும்?" என்றாள்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. போன வருடம் தேர்வன்று காலை பத்து இருபத்தொன்றுக்கு, இருபத்துநான்கு திரைகளில் பத்தொன்பது அப்படியே நின்றன. ஐந்து மட்டும் ஓடின. நின்ற பத்தொன்பது பேரும் முதலில் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். நீ கோப்பில் படித்திருப்பாய். அந்தப் பார்வை கோப்பில் இருந்திருக்காது. அவர்கள் தேர்வு ரத்தாகி, ஒரு மாதம் கழித்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் வேறு மையத்தில் எழுதச் சொன்னார்கள். பதினாறு பேர் போனார்கள். மூன்று பேரை அழைத்துப்போக வீட்டில் ஆள் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் சேர முடியாமல் அவர்களுக்கு ஒரு வருடம் போயிற்று. இந்த வருடம் அதே மூன்று பேரும் மறுபடி எழுதுகிறார்கள். அவர்களில் ஒரு பெண், நான் வராந்தாவில் தலை காட்டினால் போதும், "சார், இந்தத் தடவை நிக்காதுல்ல?" என்கிறாள். "பாக்கலாம்மா" என்கிறேன்.

மூன்று. உன் பிரிவிலிருந்து வந்த நாற்பத்தொரு பக்கக் கையேட்டை மூன்று முறை படித்தேன். கணினிகள் இருபத்துநான்கு: சரி. திரையை மூலைக்கு மூலை அளந்தேன்: சரி. ஹெட்ஃபோன் இருபத்தாறு, இரண்டு உபரி: சரி. தேர்வு நடக்கும்போது வேறு எதையும் திறக்கவிடாத பூட்டுப் பிரௌசர் எல்லாவற்றிலும் ஏற்றியாயிற்று. மின்சாரம் போனால் அரை மணி நேரம் தாங்கும் யு.பி.எஸ். இருக்கிறது, கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வேகம்தான் உதைக்கிறது. எல்லாக் கணினிகளும் இயங்கும்போது மையத்துக்கு இருபது மெகாபிட் வேண்டும் என்கிறது பன்னிரண்டாம் பக்கம். பத்து நாள் தொடர்ந்து காலை பத்து மணிக்கு அளந்தேன். கிடைப்பது 1.15. ஆனால் ஏழு மணிக்குப் போய் அளந்தால் 27. மூன்று மணி நேரத்தில் மீதி எல்லாம் எங்கே போகிறது? இணைய நிறுவனத்து ஆளைக் கேட்டேன். "லைன் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை" என்றார். என் பக்கம் என்பது எது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான்கு. நீளமான மேஜை. நான்கு அதிகாரிகள். கடைசி நாற்காலியில் கையேட்டுப் பிரிவின் சார்பாக நீ. "சந்தேகம் இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு 'மையம் தயார்'னு கையெழுத்துப் போட்டீங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன, எனக்கு மூன்றாவது பதில் இருந்தது என்றேன். சிரித்தார்கள். அவர்களுக்கு நான் யாரோ; சிரிக்கட்டும். நீயும் தலையைக் குனிந்துகொண்டாய். உன் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

ஐந்து. இந்த வருடப் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது: 'ஐயம் உண்டு.' பின்னால் ஒரு முழு வெற்றுப் பக்கம். அதில் டிக் போடுகிறவர்களை என்ன செய்வார்கள்? பிள்ளைகளை வேறு மையத்துக்கு மாற்றிவிடுவதற்காக வைத்த பொறியா? 28ஆம் தேதிக்குள் படிவம் போக வேண்டும். தேர்வு ஏப்ரல் 9.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

உங்கள் வழியிலேயே வருகிறேன்.

ஒன்று: நான் "சொல்லுங்க" என்பது நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அதைக் கேட்டு வாயடைத்துப்போகிற ஒரே மனிதர் உலகத்தில் நீங்கள்தான். எனக்குக் கையால் எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று. அரைப் பக்கத்துக்குள் தோள் இழுத்துப் பிடிக்கிறது.

இரண்டு: தலைமையாசிரியை சொன்னது பாராட்டுதான். அண்ணியிடமும் சொல்லிவிடுங்கள்.

மூன்று: எப்படி அளந்தீர்கள்? ஒரு கணினியிலா, எல்லாவற்றிலுமா? பத்து நாள் கணக்கைப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்வரை எழுதுகிற மனிதர், எப்படி அளந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

நான்கு: இதற்குப் பதில் இல்லை. நீங்கள் பார்த்தது நீங்கள் பார்த்ததாகவே இருக்கட்டும். ஒரு வருடமாக அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்து: படிவம் துறையின் ஆவணம். ஒரு மையத்துப் பொறுப்பாளருக்கு மட்டும் நான் தனியாக விளக்கம் சொல்லக் கூடாது. கையேட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் மூன்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

ஆறு: இது உங்கள் பட்டியலில் இல்லை, என்னுடையது. நவம்பரில் எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஐந்து நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் "யாரு?" என்பேன். ஒவ்வொரு முறையும் வேறு யாராவதுதான். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருவர் வரவில்லை. விசாரணையில் சிரித்தவளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

தங்கை

மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

ஆறாவதிலிருந்து தொடங்குகிறேன். வரிசை தப்புவது பிடிக்கவில்லை, ஆனாலும் வேறு வழி இல்லை.

நான் வந்தேன். உன் மாப்பிள்ளை போன் செய்து வார்டு எண் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பன்னிரண்டா, இருபத்தொன்றா என்று சந்தேகம் வந்துவிட்டது. பன்னிரண்டைத் திறந்து பார்த்தேன், நான்கு ஆண்கள். இருபத்தொன்றின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. உன் அலுவலகத்து ஆட்களாக இருந்தால், அந்த மேஜையில் இருந்தவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். பிறகு கையிலிருந்த ஆரஞ்சுப் பையை நர்சிடம் கொடுத்து, "இருபத்தொண்ணுல குடுத்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பெயர் சொல்லவில்லை. யார் கொடுத்தது என்று உனக்கே தெரியும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இப்போது தெரியவில்லை.

இனி மூன்று. அளந்த முறை இது. தேர்வில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் எழுதுவார்கள். அதனால் அளப்பதும் அப்படியே நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இருபத்துநான்கு கணினிகளிலும் வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, இருபத்துநான்கு பிள்ளைகளை உட்காரவைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும். யாராவது முந்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இருபத்துநான்கு எண்களையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். 1.1, 1.2, 1.15 என்று வரும். பிறகு சராசரி. பத்து நாள் சராசரிகளுக்கும் ஒரு சராசரி. இதில் குறை காண முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஏழு மணிக்கு நான் ஒருவன் மட்டும் போய் ஒரு கணினியில் அளப்பேன். 27.

"ஏங்க, நீங்க அளந்து அளந்தே அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் இளைச்சுப்போச்சு" என்கிறாள் உன் அண்ணி.

வேகத்தைத் தவிர எனக்கு இன்னும் எட்டு ஐயங்கள் உண்டு. தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டாவதைப் படிக்க வேண்டாம், சிறுபிள்ளைத்தனமானது. அடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன், பாதி அடித்துவிட்டு நிறுத்திவிட்டேன். கணினிகளுக்கு இணையத்தைப் பிரித்துக் கொடுக்க சுவரில் பொருத்தியிருக்கும் பெட்டியைப் பற்றியது.

படிவத்தைப் பற்றி நீ எதுவும் சொல்லாதது எனக்கு இன்னும் பயத்தைத்தான் தருகிறது. பொறி இல்லை என்றால் பொறி இல்லை என்று சொல்லியிருப்பாயே?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 17

அண்ணாவுக்கு,

ஆரஞ்சு நீங்களா? நான் சம்பந்தியம்மா கொடுத்து அனுப்பியது என்று நினைத்து, கண் கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். "அதனால என்ன, பரவாயில்ல" என்று அவரும் வாங்கிக்கொண்டார்! நான்கு மாதமாக அந்த அம்மாவை மெச்சிக்கொண்டிருக்கிறேன். நல்ல பழம் அண்ணா. ஒன்றுகூடப் புளிக்கவில்லை.

ஆனால் கதவுக்கு வெளியே கால் மணி நேரம். உள்ளே பேசிக்கொண்டிருந்தது ரேடியோ.

மூன்றுக்கு வருகிறேன். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இருபத்துநான்கு குழாய்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கிறீர்கள். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு வாளி வைக்கிறீர்கள். தொட்டியிலிருந்து மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று தெரிய வேண்டும். வாளிகளைக் கூட்டுவீர்களா, சராசரி எடுப்பீர்களா?

1.15ஐ இருபத்துநான்கால் பெருக்கிப் பாருங்கள். 27.6 வரும். ஏழு மணிக்கு நீங்கள் பார்த்த 27 எங்கேயும் ஓடிப்போகவில்லை. பத்து மணிக்கு இருபத்துநான்கு பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். துறை கேட்பது இருபது. உங்களிடம் ஏழு உபரி.

முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியார்! இதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சம்பந்தியம்மாவிடம் மட்டும் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் எட்டு ஐயங்களில் முதல் ஏழுக்கும் கையேட்டில் பதில் இருக்கிறது. பக்க எண்களைத் தாளின் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எட்டாவது, 'மணி' என்று தொடங்குகிறது; மேலே நீங்கள் அடித்துவிட்டதால் பாதி படிக்க முடியவில்லை. முடிவு செய்துவிட்டு அடியுங்கள், அல்லது அடிக்காமல் எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் ஒரு எழுத்து உங்களால் மட்டும்தான் முடியும்.

தங்கை

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அங்கே பென்சிலில் ஒவ்வொரு நாளும் 27.6, 27.4, 27.9 என்று கூட்டுத்தொகை என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதன் கீழே கோடு போட்டு, இருபத்துநான்கால் வகுத்திருக்கிறேன். கூட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் எண்கள் வரிசையாகக் கண்ணில் பட்டால், கூட்டி, தலை எண்ணிக்கையால் வகுப்பது என் கை தானாகச் செய்கிற வேலை. பத்து நாள் அந்தப் பிள்ளைகளை "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி அழுத்தவைத்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது செய்தி தவறு. எடுத்துவிடு.

இதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"அப்போ 'ஆம்'ல ஒரு டிக் போட்டுருங்க சார். நாப்பத்தாறு பிள்ளைங்க. ரெண்டு பேட்ச். நம்ம இடத்துலயே எழுதிருவாங்க."

அப்போதுதான் எட்டாவதைச் சொன்னேன். உனக்கும் இப்போது அடிக்காமல் எழுதுகிறேன். மணி அடிக்கும்போது, சுவரில் இருக்கும் இணையப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்துவிட்டு எரிகிறது. எல்லா நேரமும் இல்லை. போன வருடம் தேர்வுக்கு முன்பு இரண்டு தடவை பார்த்தேன். இந்த வருடம் ஒரு தடவை. மணிக்கும் இணையத்துக்கும் என்ன உறவு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இடைவேளை மணி பத்து இருபதுக்கு. திரைகள் நின்றது பத்து இருபத்தொன்றுக்கு. விசாரணையில் இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சிரித்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை மணி அடிக்கும் பணியாளரைக் கூப்பிட்டார். பிள்ளைகள் அவருக்கு 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"என் மணி மேலயா சார் பழி போடுறீங்க?" என்றார் கடிகாரம். "பதினெட்டு வருஷமா அடிக்கிறேன். ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"குறை சொல்லலப்பா. ஒரு தடவை அடிச்சுக் காட்டு, போதும்."

சுவிட்சை அழுத்தினார். 'டிர்ர்' என்றது. மூன்று பேரும் கழுத்தை உயர்த்திப் பெட்டியைப் பார்த்தோம். பச்சை விளக்கு அசையவில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை.

"விளக்கு உங்களப் பாத்தாதான் சார் கண்ணடிக்கும்போல" என்றார் கடிகாரம். தலைமையாசிரியை இந்த முறை சிரித்தார்.

மறுநாள் வேண்டுமென்றே இடைவேளை நேரத்தில் அறையில் தனியாக நின்றேன். பத்து இருபது. மணி அடித்தது. பச்சை விளக்கு அணைந்தது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத்தான் எரிந்தது. கூப்பிட்டுக் காட்ட ஓடினேன். அவர்கள் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கண் சரியில்லையோ என்று இப்போது என் மேலேயே சந்தேகம்.

படிவம் என் மேஜையில் இருக்கிறது. 'ஆம்' என்றால் போன வருடம் மாதிரி. 'இல்லை' என்றால் நாற்பத்தாறு பேரும் பஸ்ஸில் போக வேண்டும். அந்த மூன்று பேர் இந்த முறையும் போகமாட்டார்கள். மூன்றாவது கட்டத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'ஐயம் தெரிவித்த மையம், அலுவலர் நேரில் வந்து பார்க்கும்வரை மாற்றப்படாது.' அப்படித்தான் எழுதுவார்கள். எழுதியவர் யார், நாளைக்கு வேறு ஒருவர் வந்து அந்த வரியை எடுத்துவிடமாட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். டிக் போட்டால் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களா, மாட்டார்களா? அதை மட்டும் சொல்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 24

அண்ணாவுக்கு,

துறையில் இருப்பவளாக: படிவத்தில் உண்மையை நிரப்பவும்.

தங்கையாக: அந்தப் பொடி எழுத்து வரியை எழுதியவரை நம்புங்கள். அதை யாரும் எடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளக்கூடிய ஆள்தான்.

இதற்கு மேல் கேட்காதீர்கள். தோள் வலிக்கிறது.

தங்கை

ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பட்டியல் போடவில்லை. நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

28ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். வெற்றுப் பக்கத்தில் மணியையும் விளக்கையும் பற்றி ஏழு வரி எழுதினேன். 'எனக்குத் தவறாகத் தோன்றியிருக்கலாம்' என்று எட்டாவது வரி எழுதி, அதை மட்டும் அடித்துவிட்டேன். முழுவதும் அடித்தேன். தலைமையாசிரியை படித்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு வந்துச்சுன்னா முன் சீட்டுல நீங்கதான் சார் உக்காரணும்" என்றார்.

ஏப்ரல் 2ஆம் தேதி உங்கள் துறையிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்தார். தோள்பையில் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் இருந்தன. என் ஏழு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பெட்டியிடம் போனார். அதன் வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். வயர் அறைக்கு வெளியே போய், வராந்தாவில் மணியின் பக்கத்தில் இருந்த பிளக்கில் முடிந்தது.

"கம்ப்யூட்டரெல்லாம் யு.பி.எஸ்.ல இருக்கு. இத மட்டும் யாரு சார் மணி லைன்ல கொண்டுவந்து சொருகுனது?"

யாருக்கும் தெரியவில்லை. பெட்டி மாட்டியவர்கள் பக்கத்தில் எந்தப் பிளக் காலியாக இருந்ததோ அதில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறைக்குள் தேடிய நான், வயர் எங்கே போகிறது என்று வெளியே வந்து பார்க்கவில்லை.

"மணிய அடிங்க" என்றார் அலுவலர்.

கடிகாரம் அடித்தார். விளக்கு அசையவில்லை.

"இது பீரியட் மணி" என்றார் கடிகாரம். "சின்னது. இடைவேளைக்குன்னா இழுத்து அடிக்கணும், ஒரு நிமிஷம். அப்பத்தான் மைதானம் வரைக்கும் கேக்கும்."

"அதை அடிங்க."

இழுத்து அடித்தார். பத்துப் பதினைந்து நொடியில் பச்சை விளக்கு அணைந்தது. அலுவலர் டெஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினார். நீண்ட நேரம் மணி அடித்தால் அந்த லைனில் மின்சாரம் இறங்கிப்போகிறது. பெட்டி தானாக அணைந்து, மறுபடி உயிர் பெற இரண்டு நிமிடம் ஆகிறது; அவ்வளவு நேரம் இணைப்பு அறுந்தால் பூட்டுப் பிரௌசர் அந்தத் தேர்வை மறுபடி திறக்கவிடாது. பின்வரிசையின் ஐந்து கணினிகள் மட்டும், அதே இணைய லைனிலிருந்து பிரிந்து யு.பி.எஸ்.ஸில் ஓடும் வேறு பெட்டியில் இருந்தன. ஒரு வருடமாக, பத்தொன்பது ஏன், ஐந்து ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பதினெட்டு வருஷமா அடிக்கிறேனே" என்றார் கடிகாரம் மெல்ல. உன் தப்பு ஒன்றுமில்லையப்பா, பெட்டி வந்தது மூன்று வருடத்துக்கு முன்புதான் என்று நான் போய்ச் சொன்னேன்.

பிளக்கை யு.பி.எஸ்.ஸுக்கு மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அந்தப் பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "இந்த மூணாவது கட்டம் நல்ல ஏற்பாடும்மா, யாருக்குத் தோணுச்சு?" என்றேன்.

"அது ஒரு கதை சார். போன வருஷம் விசாரணையில ஒரு பெரியவர், கட்டம் ரெண்டுதான் இருந்துச்சு, எனக்கு மூணாவது பதில் இருந்துச்சுன்னாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. எங்க மேடம் மட்டும் அப்படியே எழுதிக்கிட்டாங்களாம். அந்தச் சீட்டு இன்னும் அவங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்கு, அன்னிக்குத் தேதியோட. அதை வச்சுக்கிட்டு ஏழு மீட்டிங்ல சண்டை போட்டாங்க. 'பொறுப்பாளருக்குச் சந்தேகம் வந்தா எழுத ஒரு இடம் வேணும், கம்ப்யூட்டர், வேகம் மாதிரி அதுவும் ஒரு தேவைதான்'னு. எட்டாவது மீட்டிங்ல ஒத்துக்கிட்டாங்க."

"அந்தப் பெரியவர் யாருன்னு கேக்கலியா?"

"கேட்டோம். 'ஒரு கணக்கு வாத்தியார்'னு மட்டும் சொன்னாங்க. ஏன் சார், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் நிரப்பினால் பொய்யாகும். பேச்சில் சொன்னது இருக்கட்டும்.

நேற்றுத் தேர்வு. பத்து இருபதுக்குக் கடிகாரம் மணியை அடிக்க மறுத்துவிட்டார். "வேணாம் சார், ஏதாவது ஆயிரும்" என்றார். அடிக்க வேண்டும், சின்ன வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைக்குக் காத்திருக்கிறார்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். நான் இப்படிச் சொன்னேன் என்றால் நீ நம்பமாட்டாய். இழுத்து அடித்தார். ஒரு நிமிடம் முழுதாக. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை அப்படியே நின்றது. முதல் வரிசையில், "நிக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் அசைத்தேன். திரும்பி எழுதத் தொடங்கினாள். இருபத்துநான்கு திரையும் ஓடின. மதியம் இருபத்திரண்டு. போன வருடம் தவறவிட்ட அந்த மூன்று பேரும் எழுதி முடித்தார்கள்.

இனி ஒன்று பாக்கி இருக்கிறது. சின்ன வயதில் நாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவோம். நீ வேகமாக எழுதும்போது உன் தோளும் சேர்ந்து எழுதும், மேஜை ஆடும், என் எழுத்து கோணும். "ஆட்டாதடி" என்று எத்தனை தடவை உன்னைக் கிள்ளியிருக்கிறேன்! அந்தத் தோளை விசாரணையில் எட்டடி தூரத்தில் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ இரண்டு கடிதத்தில் தோள் வலிக்கிறது என்று எழுதியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவுக்கு வெளியே நிற்கமாட்டேன். ஆனாலும் உறையில் நான் எழுதுகிற வீட்டு எண் சரிதானா என்று ஒரு தடவை எழுதி அனுப்பு.

முதல் கடிதத்தில் ஐந்து செய்திகள் எழுதியிருந்தேன். மூன்றாவது தவறு என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டேன். அது வெறும் கணக்கு. நான்காவதும் தவறு. நீ சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாய்.

அண்ணன்